மழலையை அளந்த கோல்கள்

மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "உங்க சப்ஜெக்ட்டிலேயே எழுதுங்க சார், ஆனா படிக்கிறவங்களுக்குத் தூக்கம் வராம பார்த்துக்குங்க" என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தார். நம் கல்லூரியில் நான் படித்தது வரலாறு. பிழைப்புக்குச் செய்தது தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வேலை. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் ஒரு கேள்வி கிடைத்தது. மூன்று வயசிலிருந்து ஏழெட்டு வயசு வரை உள்ள பிள்ளை என்ன கற்றிருக்கிறது என்பதை நம் பக்கத்தில் யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள், அளந்த பிறகு என்ன செய்தார்கள்?

இது வாத்தியார்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம்மில் பலர் இன்று தாத்தா, பாட்டி. சிலர் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளில் சிலராவது நாளை வகுப்பில் நிற்கப் போகிறவர்கள். பேரப்பிள்ளை கையில் ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டோடு வந்து நிற்கும்போது, அந்தக் காகிதத்துக்குப் பின்னால் இருநூறு வருஷக் கதை இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

திண்ணையில் தொடங்கிய கணக்கு

சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் எல்லா ஜில்லா கலெக்டர்களுக்கும் ஓர் உத்தரவு அனுப்பினார். உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று கணக்கு அனுப்புங்கள் என்பது உத்தரவு. நம்முடைய செங்கல்பட்டு ஜில்லாவும் அதில் சேர்த்தி. 1826-ல் தொகுத்துப் பார்த்தபோது மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிக்கூடங்கள் இருந்தன. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள்தான்.

பெல்லாரி கலெக்டர் காம்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கையில் சுவையான ஒரு செய்தி இருக்கிறது. காலையில் பள்ளிக்கூடத்துக்கு முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்களாம். இரண்டாவதாக வருகிறவன் கையில் பூஜ்யம். அவனுக்குப் பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை என்று அர்த்தம். மூன்றாவது பையனுக்கு லேசாக ஓர் அடி, நான்காவது பையனுக்கு இரண்டு. அப்படியே வரிசையாக ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வருகிறவன் பாடு என்ன என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ராங்க் என்ற சங்கதி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம்.

ஆனால் திண்ணைக்கு இன்னொரு முகமும் உண்டு. அங்கே ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு கிடையாது. பையன் மணலில் விரல் வைத்து எழுதிப் பழகுவான். அரிச்சுவடி முடிந்தால் அடுத்த சுவடி, எண்சுவடி மனப்பாடமானால் அதற்கு மேல். ஒருவன் ஆறு மாதத்தில் முடித்ததை இன்னொருவன் ஒரு வருஷத்தில் முடிப்பான். யாரும் "ஃபெயில்" ஆவதில்லை. அந்தச் சொல்லே அப்போது கிடையாது. பிரம்பு இருந்தது, மனப்பாடச் சுமை இருந்தது, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் இல்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பொற்காலம் என்று பாட எனக்கு மனசில்லை. ஆனாலும் பிள்ளையின் வேகத்துக்குப் பாடம் நகர்ந்தது என்பதும் உண்மை.

இன்ஸ்பெக்டர் வருகிறார்

1860-களில் காற்று திசை மாறியது. இங்கிலாந்தில் 1862-ல் ஒரு புதிய விதி வந்தது. இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். எத்தனை பேர் தேறுகிறார்களோ அதற்கேற்ப மானியம். அதே ஏற்பாடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்பார்கள். திண்ணைப் பள்ளி வாத்தியார்களும் இந்தப் பணத்துக்காக அரசு விதிக்குள் வந்தார்கள்.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஏழு வயசுப் பையன் நாலு வரி வாசித்தால் வாத்தியார் வீட்டில் அரிசி, திக்கினால் இல்லை. அப்படியானால் வாத்தியார் யாரிடம் நேரம் செலவழிப்பார்? தேறிவிடக்கூடிய பிள்ளையிடம்தான். தேறவே மாட்டான் என்று தோன்றும் பையன் மூலையில் உட்காருவான். இன்ஸ்பெக்டர் கேட்காத எதையும் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது. அளவுகோலில் பணத்தைக் கட்டித் தொங்கவிட்டால் கோல் வளைந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1904-ல் கர்சன் பிரபு காலத்துக் கல்விக் கொள்கைத் தீர்மானம் இந்த முறையைக் கைவிட்டது. முறை போனது. "எத்தனை பேர் பாஸ்?" என்ற கேள்வி மட்டும் நம் ரத்தத்தில் தங்கிவிட்டது.

அடையாற்றில் ஒரு விருந்தாளி

அந்தக் காலத்திலேயே தென்சென்னையில் வேறொரு விதையும் விழுந்தது. 1894-ல் கர்னல் ஆல்காட் அடையாறு அருகே தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். அதைத் தொடர்ந்து வேறு சில பள்ளிகளும் வந்தன. திண்ணையில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு அங்கே இடம் கிடைத்தது.

பிறகு 1939. மரியா மாண்டிசோரி அம்மையார் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை வந்தார். அப்போது அவருக்கு 69 வயது. சில மாதப் பயிற்சி வகுப்பு நடத்திவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். அடையாற்றில் முதல் வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். 1940 ஜூனில் இத்தாலி உலகப்போரில் குதித்ததும், இத்தாலியரான அம்மையார் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரி நாட்டவர் ஆகிவிட்டார். மகன் மரியோவை அகமத்நகரில் காவலில் வைத்தார்கள். அம்மையார் சபை வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. அந்த ஆகஸ்டில் அவருடைய 70-ஆவது பிறந்தநாளையொட்டித்தான் மகனை விடுதலை செய்தார்கள். சில மாதத்துக்கென்று வந்தவர் 1946 வரை இங்கேயே இருந்துவிட்டார். இடையில் கொடைக்கானலிலும் பள்ளி நடத்தினார். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

அவர் கொண்டுவந்த கோல் என்ன? ஓர் உதாரணம் போதும். நீளமான மரக்கட்டையில் பத்துக் குழிகள், ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் ஓர் உருளை. மூன்று வயசுப் பிள்ளை உருளைகளை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுகிறது. ஒன்றைத் தப்பான குழியில் போட்டால் கடைசியில் ஓர் உருளை எந்தக் குழியிலும் இறங்காமல் கையில் நிற்கும். பிள்ளை முகத்தைச் சுளித்துப் பார்க்கும், எல்லாவற்றையும் எடுக்கும், மறுபடி போடும். "தப்பு" என்று யாரும் சொல்லவில்லை, கட்டையே சொல்லிவிட்டது. ஆசிரியையின் வேலை சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்ப்பது, குறித்துக்கொள்வது, அடுத்த பொருளை எப்போது கொடுக்கலாம் என்று முடிவு செய்வது. பரீட்சை இல்லாமலேயே அளவு நடந்துவிடுகிறது. இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு நாள் பார்த்ததை, இந்த ஆசிரியை தினமும் பார்க்கிறார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாமான்கள் விலை அதிகம். அதனால் அந்த முறை பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிட்டது. செம்பாக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் மாடம்பாக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் அது எட்டவில்லை.

தராசு சொன்ன பாடம்

அவர்களுக்கு எட்டியது வேறு வழியில். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடி என்ற சொல் நமக்குப் பழகியது அதற்குப் பிறகுதான். 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டின் ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் ஆரம்பித்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். "பால்வாடி" போகும் பிள்ளை என்றால் தட்டு எடுத்துக்கொண்டு போகும் பிள்ளை என்று ஆனது.

அந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மாதாமாதம் குழந்தையைத் தராசில் போட்டு எடை பார்ப்பார்கள். வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைப்பார்கள். போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுப்பார்கள். கோடு மேலே ஏறினால் சந்தோஷம். படுத்தாலோ இறங்கினாலோ அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் சத்துமாவு, தாய்க்கு ஆலோசனை. கோடு நிமிர்கிறவரை அந்தப் பிள்ளை மேல் ஒரு கண் இருக்கும்.

இது உடம்பை அளந்த அளவுதான், படிப்பை இல்லை. ஆனால் படிப்பை அளக்கிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் இதில் இருக்கின்றன. ஒன்று, அட்டை அந்தப் பிள்ளையைப் போன மாதத்து அதே பிள்ளையோடு ஒப்பிடுகிறது, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு இல்லை. இரண்டு, கோடு இறங்கினால் பிள்ளைக்குத் தண்டனை இல்லை, கூடுதல் கவனிப்பு. எடை குறைந்த குழந்தையை வாசலோடு திருப்பி அனுப்பினால் ஊரே சண்டைக்கு வந்திருக்கும். படிப்பில் அதைத்தான் செய்தோம், யாரும் சண்டைக்கு வரவில்லை.

"வாட் இஸ் திஸ்?"

எண்பதுகளில் நம் புறநகர் மாறியது. ஏரியும் வயலும் நகர்களாக, குறுக்குத் தெருக்களாக ஆயின. மின்சார ரயிலில் ஏறிக் கோட்டைக்கும் பாரிமுனைக்கும் வேலைக்குப் போன குடும்பங்கள் வீடு கட்டின. பிள்ளைக்கு இங்கிலீஷ் மீடியம் தேவைப்பட்டது. தெருவுக்குத் தெரு நர்சரி பள்ளி முளைத்தது. எல்.கே.ஜி. விண்ணப்பத்துக்கு விடியற்காலையில் வரிசை நின்றவர்கள் நம்மிலும் உண்டு.

என் தங்கை மகனுக்கு மூன்றரை வயசில் ஒரு பள்ளியில் இன்டர்வியூ. எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். குடைப் படத்தைக் காட்டி, "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டார்கள். பையன் உற்றுப் பார்த்துவிட்டு, "இது எங்க தாத்தாவுது" என்றான். சீட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். படத்தில் இருப்பது ஒரு பொருள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் மூலையில் சாத்தி வைத்திருக்கும் கறுப்புக் குடையோடு அதைப் பொருத்திப் பார்த்திருக்கிறான். யாருடையது என்றும் சொல்லியிருக்கிறான். ஒரு சின்ன மூளை இதைவிட என்ன செய்ய வேண்டும்? ஆனால் அவர்கள் கையில் இருந்த கோலில் 'அம்ப்ரெல்லா' என்ற ஒரே கோடுதான் போட்டிருந்தது.

இந்த அநியாயம் அப்போதே சிலர் கண்ணில் பட்டது. மாநிலங்களவையில் 1989-ல் ஆர்.கே. நாராயண் பிள்ளைகளின் புத்தகச் சுமையைப் பற்றிப் பேசினார். பின்னர் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு 1993-ல் அறிக்கை தந்தது. நர்சரி சேர்க்கைக்குப் பரீட்சையும் நேர்காணலும் வைப்பதை ஒழிக்க வேண்டும், இளம் பிள்ளைகள் மேல் எழுத்தையும் எண்ணையும் திணிப்பது ஒருவகை வன்முறை என்ற அளவுக்கு அந்த அறிக்கை போனது. சட்டமாக வர மேலும் பல வருஷம் ஆயிற்று. 2009-ல் இயற்றி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக்கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 50,000 வரை. சட்டம் இருக்கிறது. "சும்மா பிள்ளையோட பேசிப் பார்க்கிறோம்" என்று யாராவது கூப்பிட்டால் இந்தப் பிரிவு ஞாபகத்தில் இருக்கட்டும்.

தரமணியில் திருப்பிப் பிடித்த கோல்

நம் வேளச்சேரிக்குப் பக்கத்தில், தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் என்றால் நமக்கு நெல்லும் அலையாத்திக் காடும்தான் ஞாபகம் வரும். ஆனால் அங்கே பாலர் கல்வி பற்றியும் நல்ல வேலை நடந்தது. அதற்கு முன்னின்றவர் மீனா சுவாமிநாதன். 1972-ல் மத்திய அரசுக்கு அறிக்கை தந்த பாலர் வளர்ச்சி ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் அவர். அங்கன்வாடித் திட்டம் உருவாக அந்த அறிக்கையும் ஒரு காரணம்.

2000-ஐ ஒட்டி அந்த நிறுவனத்தில் தமிழ்நாட்டுக்கென்று ஓர் அளவுகோல் தயாரானது. அமெரிக்காவில் 1980-ல் தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்ட் கிளிஃபோர்ட் ஆகியோர் உருவாக்கிய கோலை நம் பால்வாடிகளுக்கு ஏற்ப மாற்றிய கோல் அது. அதன் விசேஷம் என்னவென்றால், அது பிள்ளையை அளக்கவில்லை, பள்ளியை அளந்தது. இடம் போதுமா, விளையாட்டுச் சாமான் பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா, டீச்சர் பிள்ளைகளோடு பேசுகிறாரா அல்லது அதட்டுகிறாரா, பிள்ளை பேச வாய்ப்பு உண்டா என்ற மாதிரியான கேள்விகள். மையத்தின் தரம் கூடிய இடத்தில் பிள்ளைகளின் திறனும் கூடியிருந்தது என்று ஆய்வு காட்டியது.

கோலைத் திருப்பிப் பிடித்ததும் பழி இடம் மாறிவிடுகிறது, கவனித்தீர்களா? "இந்தப் பிள்ளைக்கு வரலை" என்று சொன்ன வாய், "இந்தப் பிள்ளைக்கு நாம என்ன கொடுத்தோம்?" என்று கேட்டாக வேண்டும்.

ஏணியும் மொட்டும்

2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலி முறையைப் பார்த்துச் செயல்வழிக் கற்றலை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். சில வருஷங்களில் அது மாநிலம் முழுக்கப் பரவியது. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து ஓர் ஏணி போல அமைத்திருந்தார்கள். பிள்ளை ஒரு படியை முடித்ததும் அடுத்த படிக்கான அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். டீச்சரும் பாயில் உட்காருவார். கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்கு இறங்கிவந்தது. லீவு போட்ட பிள்ளை விட்ட படியிலிருந்து தொடரலாம். திண்ணையின் நல்ல குணம், பிரம்பு இல்லாமல் திரும்பிவந்தது போல எனக்குப் பட்டது. குறை சொன்னவர்களும் உண்டு. இருபது பிள்ளைக்குச் சரி, அதற்கு மேல் போனால் டீச்சர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானதே.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வந்தது. அதே வருஷம் ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று அரசாணை வந்து, எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் ரத்தானது. 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துப் பாடம் சொல்லும் ஏற்பாடு. அழகான பெயர்கள்தான். ஆனால் மொட்டு என்பது இன்றைய நிலை, பிள்ளையின் பெயர் இல்லை. "என் பொண்ணு இன்னும் அரும்புதானாம்" என்று ஓர் அம்மா கண் கலங்கினால், பழைய ராங்க் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது என்று அர்த்தம்.

வயசையும் மறக்கக்கூடாது. 2019-ல் நாட்டின் 26 மாவட்டங்களில் எடுத்த 'ஏசர்' ஆய்வில், ஒன்றாம் வகுப்பில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நாலைந்து வயசுப் பிள்ளைகள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏழெட்டு வயசு. நாலரை வயசும் எட்டு வயசும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தாளை எழுதினால், நாம் அளப்பது அறிவையா, பிறந்த தேதியையா?

பார்க்கிற கண்

அப்படியானால் அளக்கவே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை "அடங்காப்பிடாரி" என்று சொல்லிவிடுகிறோம். அதற்குக் காது கேட்காமல் இருக்கலாம். அடையாற்றில் 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா, காது கேளாத சிறு குழந்தைகளைப் பேச வைக்கும் பள்ளி. சீக்கிரம் கண்டுபிடித்தால் பேச்சு வரும், தாமதித்தால் கஷ்டம் என்பதுதான் அந்தப் பணியின் ஆதாரம். அங்கே சரியான நேரத்தில் அளப்பது ஒரு வாழ்க்கையையே மாற்றும்.

என் அனுபவத்தில் கண்ட எளிய வழி இது. ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகள். அன்று முழுக்க ஓரக்கண்ணால் அவர்களைப் பார்த்து, மாலையில் நாலு வரி நோட்டில் எழுதவேண்டும். இருபது பிள்ளை என்றால் பத்து வேலைநாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். எழுதுவது "நன்று", "சுமார்" என்ற மாதிரி இருக்கக்கூடாது, பிள்ளை செய்தது என்ன என்று இருக்கவேண்டும்.

ஒன்றிலிருந்து இருபது வரை பாட்டு மாதிரி ஒப்பிக்கும் பிள்ளையின் முன் ஏழு புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஒரே கொட்டையை இரண்டு தரம் தொடும், ஒன்றைத் தாண்டிவிடும். "மொத்தம் எத்தனை?" என்றால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். வாய்க்குத் தெரிந்த எண் விரலுக்கு இன்னும் வரவில்லை. பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் போட்டுப் பழகிய பிள்ளைக்கு அது சீக்கிரம் வந்துவிடும். இதை எந்தப் பரீட்சைத் தாளும் சொல்லாது, பக்கத்தில் உட்கார்ந்த கண் சொல்லும். 2022-ல் வந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும், இந்த வயசுக்குத் தேர்வு பொருந்தாது, பிள்ளையைக் கவனிப்பதும் அது செய்த வேலையைப் பார்ப்பதுமே வழி என்றுதான் சொல்கிறது.

இதற்குத் தேவை பணம் அல்ல, ஆள். ஓர் அங்கன்வாடிப் பணியாளர் சாப்பாடு, எடை, தடுப்பூசி, பதிவேடு, செல்போன் செயலி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருபது பிள்ளைகளையும் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பதிவேற்றும் நேரம் பிள்ளையைப் பார்க்கும் நேரத்தைத் தின்றுவிட்டால், பழைய இன்ஸ்பெக்டர் செல்போனுக்குள் உட்கார்ந்துகொண்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

பழைய மாணவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். பள்ளி நடத்தும் நண்பர்கள், யு.கே.ஜி. வரையாவது ராங்க்கும் மார்க்கும் இல்லாத ஒரு குறிப்பேட்டைப் பெற்றோருக்குக் கொடுத்துப் பாருங்கள். முதல் வருஷம் முணுமுணுப்பார்கள், பிள்ளையைப் பற்றி நாலு உண்மையான வரி படித்த பிறகு அதையே கேட்பார்கள். ஓய்வு பெற்றவர்கள், உங்கள் தெரு அங்கன்வாடிக்கு வாரத்தில் ஒரு காலை போய், அனுமதி கேட்டுக் கதை சொல்லுங்கள். நீங்கள் கதை சொல்லும் அந்த அரைமணி, பணியாளர் அம்மாவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கக் கிடைக்கும் அரைமணி.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே, வரலாறு படித்தால் என்ன பிரயோஜனம் என்று உங்களிடம் நிச்சயம் கேட்பார்கள். நாலு வயசுப் பிள்ளையிடம் "எத்தனை மார்க்கு?" என்று கேட்கும் வழக்கம் மேலிருந்து விழுந்ததில்லை, ஒரு காலத்தில் சிலர் உண்டாக்கியது, ஆகவே மாற்றக்கூடியது என்று தெரிந்துகொள்வதும் ஒரு பிரயோஜனம்தானே.